மாடிக்கு ஏறிய தையல் மெஷின்

1

இந்தக் கதை ஒரு துக்க வீட்டில் எனக்குக் கிடைத்தது. ‘கிடைத்தது’ என்று எழுதவே கை கூசுகிறது. பிறர் வாசலில் விழுந்து கிடந்ததைக் குனிந்து எடுத்துக்கொண்டு வந்தவள் போல இருக்கிறது. ஆனாலும் நடந்தது அதுதான்.

எங்களுக்கு அடுத்த தெரு. பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த பையன். அவனை நான் பார்த்ததே இல்லை. அவனுடைய அம்மாவை ரொட்டிக் கடையில் பார்த்துச் சிரித்திருக்கிறேன். அந்தச் சிரிப்பின் உரிமையில் போனேன். வாசலில் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். வருகிற ஒவ்வொருவருக்கும் அவன் அப்பா எழுந்து நின்று ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்.

“ஒரு தொந்தரவும் கொடுக்கலைங்க. படிக்கிற புள்ளைன்னு டி.வி. கூடப் போடலை. அந்த ரூம் பக்கமே நாங்க யாரும் போகலைங்க.”

தன் மேல் தப்பில்லை என்று சாட்சி சொல்வதுபோலச் சொன்னார். பொய்யில்லை. தான் செய்த நல்லதையெல்லாம் சேர்த்து எடுத்து வந்து எங்கள் முன்னால் வைத்தார், பாவம். ஒவ்வொரு முறை சொல்லி முடித்ததும் எங்கள் முகத்தைப் பார்த்தார். நாங்கள் தலையாட்டினோம். வேறு என்ன செய்வது?

வீட்டுக்கு வந்து விளக்கேற்றிக் கும்பிட்டேன். கும்பிடும்போது வழக்கமாக வருகிற வார்த்தைகள் வரவில்லை. ‘அந்த ரூம் பக்கமே போகலைங்க’ என்பதுதான் வந்தது. சின்னச் சின்ன அன்புகள் மனிதரைக் காப்பாற்றும் என்று நம்பி, அதையே இத்தனை நாளும் எழுதிப் பிழைத்தவள் நான். அந்த வீட்டிலும் எல்லாரும் அன்பாகத்தானே இருந்தார்கள்?

(அந்தப் பையன் எப்படிப் போனான் என்பதை இங்கே எழுத மாட்டேன். தெரியும், ஆனாலும் எழுத மாட்டேன். அதைத் தெரிந்துகொள்வதால் யாருக்கும் ஒரு நன்மையும் இல்லை.)

அந்த வீட்டுக்காரர்கள் இதைப் படிக்க நேர்ந்தால் தங்களை இதில் பார்த்துவிடக் கூடாது. அதனால் பையனைப் பெண்ணாக்கினேன். அப்பாவின் தொழிலை மாற்றினேன், ஒரு தங்கையைச் சேர்த்தேன். துயரம் மட்டும் என்னால் மாற்ற முடியாததாக இருந்தது.

2

கதையின் முதல் வரியை இப்படி எழுதினேன்:

[அடித்துவிட்டேன்: அவளுக்கு வாழ்க்கை போதும் என்று தோன்றியபோது ஜன்னலுக்கு வெளியே வெயில் மிக அழகாக]

வெயில் அழகாக என்ன செய்தது என்று எழுதுவதற்குள் நிறுத்திவிட்டேன். அந்த அறைக்குள் நுழைந்து அவள் தலைக்குள் உட்கார்ந்துகொள்ள எனக்கு யார் அனுமதி கொடுத்தது? அவளைப் பெற்றவர்களே கதவைத் தட்டாதபோது, நான் மட்டும் சுவர் வழியாகப் புகுந்துவிடுவதா?

அடுத்தது:

[அடித்துவிட்டேன்: இன்றைய மாணவர்களிடையே மன உறுதி குறைந்து வருவது கவலைக்குரிய]

இதைப் படித்துவிட்டு என் அக்கா சிரித்தாள். அக்கா பள்ளிக்கூட ஆசிரியை. நான் எழுதுவதை முதலில் படிக்கிறவளும், முதலில் திட்டுகிறவளும் அவள்தான்.

“ஏண்டி, ஆண்டு விழாவுக்குத் தலைமை தாங்கப் போறியா? மாலை எங்க?”

“கிண்டல் பண்ணாதேக்கா.”

“மன உறுதியாம் மன உறுதி. பசங்க காலையில எழுந்து மூட்டை தூக்கிட்டுப் போறதைப் பாத்திருக்கியா நீ? அவங்க உறுதியில பாதி உனக்கிருந்தா இந்நேரம் கதை முடிஞ்சிருக்கும்.”

ஆகவே மூன்றாவது தொடக்கம். கதவுக்கு வெளியே இருந்து தொடங்குகிறேன். எனக்குத் தெரிந்த பக்கம் அதுதான்.

3

அவள் அப்பா பள்ளிச் சீருடை தைக்கிறவர். வீட்டின் முன்னறைதான் கடை. இரும்புக் கால்களோடு ஒரு மிதி மெஷின் அந்த அறையில் பாதியை அடைத்துக்கொண்டிருக்கும். மீதிப் பாதியில் வெள்ளைத் துணியும் நீலத் துணியும். வந்தவர்கள் உட்கார இடம் கேட்டால், “மடியில வேணா உக்காருங்க” என்பார், முகத்தில் சிரிப்பே இல்லாமல்.

மற்ற வீடுகளில் குழந்தை தூங்குகிறது, சத்தம் போடாதே என்பார்கள். அந்த வீட்டில் நேர்மாறு. பெரியவள் பிறந்ததிலிருந்தே மெஷின் ஓடுகிற சத்தத்தில்தான் தூங்கினாள். சத்தம் நின்றால் விழித்துக்கொண்டு வீடே இரண்டுபட அழுவாள். “குழந்தை தூங்கறா, மெஷினை நிறுத்தித் தொலைக்காதீங்க” என்று உள்ளேயிருந்து அதட்டுவாள் அவர் மனைவி. தைக்கத் துணி இல்லாத நாளில்கூட அவர் வெறும் மெஷினை மிதித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது உண்டு.

நடக்க ஆரம்பித்ததும் அவள் மெஷினுக்கு அடியில் குடியேறினாள். அங்கே உட்கார்ந்துதான் எழுதப் படிக்கக் கற்றாள். துணியில் கோடு போடும் சாக்குக் கட்டியால் தரையில் கணக்குப் போட்டாள். கீழே விழுகிற பட்டன்களையெல்லாம் பொறுக்கி ஒரு பிஸ்கட் டப்பாவில் சேர்த்தாள். அந்த டப்பாவை ஒருவர் தொடக் கூடாது. ஒருமுறை தங்கைக்காரி அதிலிருந்து ஒரு நீலப் பட்டனை எடுத்துத் தன் பொம்மைக்குக் கண்ணாக ஒட்டிவிட்டாள். கொலை விழாத குறைதான். பொம்மைக்குக் கண் போனது, பட்டன் டப்பாவுக்குத் திரும்பியது. தங்கைக்கு வாயாடி என்று பெயர். அவளே அன்று வாயடைத்துப் போனாள்.

வளர்ந்த பிறகு பெரியவள் அப்பாவுக்குப் பட்டன் தைத்துக் கொடுத்தாள். சாயங்காலம் பள்ளி விட்டு வந்ததும் ஒரு குவியல் சட்டையை மடியில் போட்டுக்கொள்வாள். அவர் மிதிப்பார், அவள் தைப்பாள். பேச்சு அதிகம் கிடையாது. பேசினால் மெஷின் சத்தத்தில் கேட்காது என்பதால் கத்திப் பேசுவார்கள். அக்கம்பக்கத்தில் சண்டை என்று நினைத்துக்கொள்வார்கள்.

அவர் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. எந்தப் பிள்ளைக்குத் தைத்தாலும் மடிப்புக்குள் கொஞ்சம் துணி விட்டுத்தான் தைப்பார்.

“டெய்லரண்ணே, போன வருஷம் தைச்ச பேன்ட் சுருங்கிடுச்சே?” என்று ஒரு தாய் சண்டைக்கு வந்தாள்.

“பேன்ட் சுருங்கலைம்மா, உங்க புள்ள நீண்டுட்டான். கொண்டாங்க, உள்ள துணி விட்டிருக்கேன், பிரிச்சு விட்டுடலாம்.”

“இவ்வளவு வளருவான்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“எனக்கெங்க தெரியும்? புள்ளைங்க நம்மளைக் கேட்டுக்கிட்டா வளருதுங்க? அதுக்குத்தான் இடம் விடறது.”

[இந்த இடத்தில் ஒரு உவமை வந்தது. ஊரார் பிள்ளைக்கெல்லாம் இடம் விட்டுத் தைத்தவர் தன் பிள்ளைக்கு என்று எழுதி, அடித்துவிட்டேன். மிகவும் வசதியாக வந்து உட்கார்ந்தது. துணி துணியாகவே இருக்கட்டும்.]

பெரியவள் நன்றாகப் படித்தாள். அதில்தான் ஆரம்பித்தது. கடைசி வருஷம், வகுப்பு ஆசிரியர் பெற்றோரைக் கூப்பிட்டனுப்பினார். “இவ நினைச்சா இந்தப் பள்ளிக்கூடத்துக்கே பேர் வாங்கிக் கொடுப்பா. நீங்க செய்ய வேண்டியது ஒண்ணுதான். வீட்டுல அமைதி இருக்கணும்.”

அந்த ஒரு சொல்லை வேதவாக்காகச் சுமந்துகொண்டு இருவரும் வீட்டுக்கு வந்தார்கள். அமைதி. அதற்கு என்ன வேண்டுமானாலும் செய்யத் தயாரானார்கள்.

டி.வி.க்கு உறை போட்டாயிற்று. அழைப்பு மணியின் ஒயரைப் பிடுங்கியாயிற்று. பல் டாக்டரிடம் வேலை பார்த்த அம்மாக்காரி ஏற்கனவே மெதுவாகப் பேசுகிறவள். இப்போது சைகைக்கு மாறினாள். கைவளையல்களைக் கழற்றி வைத்தாள். குக்கர் விசில் அடிப்பதற்குள் பறந்து போய் அடுப்பை அணைத்தாள், அதனால் சோறு பாதி நாள் அரைவேக்காடு. வாயாடியைப் பெரியம்மா வீட்டுக்கு அனுப்ப முடிவாயிற்று.

“நான் வாயில பிளாஸ்திரி ஒட்டிக்கிறேன்ப்பா. சத்தியமா. அனுப்பாதீங்கப்பா.”

“கொஞ்ச நாள்தான் கண்ணு. அக்கா பரீட்சை முடியட்டும்.”

“நான் தூக்கத்துல மட்டும்தான்ப்பா பேசுவேன்.”

“அதுதான் பயமா இருக்கு” என்றார் அவர். எல்லாரும் சிரித்தார்கள், வாய்க்குள்.

கடைசியாக மெஷின். அது முன்னறையில் ஓடினால் அமைதி எங்கே? மொட்டை மாடியில் ஒரு தகரக் கொட்டகை இருந்தது. நான்கு பேரைக் கூப்பிட்டு, படிக்கட்டில் சுவரெல்லாம் கீறல் விழ, மெஷினை மேலே ஏற்றினார். கொட்டகையில் வெயில் மண்டையைப் பிளந்தது. தைக்கிற துணியில் வியர்வை சொட்டாமலிருக்க நெற்றியில் துண்டைக் கட்டிக்கொண்டார். கஷ்டமாகத்தான் இருந்தது. கஷ்டமாக இருந்ததால் சந்தோஷமாகவும் இருந்தது. மகளுக்காக ஒன்று செய்கிறோம் என்று.

பட்டன் தைப்பதற்குக் கூலிக்கு ஒரு ஆள் பார்த்துக்கொண்டார். சாப்பாட்டுத் தட்டு அறை வாசலில் ஒரு முக்காலியில் வைக்கப்பட்டது. கொஞ்ச நேரம் கழித்துத் தட்டு காலியாக முக்காலிக்கு வந்தது. அவள் எதிரில் பட்டால், யோசனை கலைந்துவிடும் என்று தலையைக் குனிந்துகொண்டு விலகிப் போனார்கள்.

இப்படி ஒரு பெரிய தவறை அன்பால் மட்டும்தான் செய்ய முடியும். வெறுப்புக்கு இவ்வளவு பொறுமை கிடையாது.

4

கதையை இங்கே கொஞ்சம் நிறுத்துகிறேன். நிறுத்தாவிட்டால் அடுத்த பக்கத்துக்குப் போக வேண்டியிருக்கும். எனக்குப் பயமாக இருக்கிறது.

ஏன் இப்படிச் செய்துகொள்கிறார்கள் என்று துக்க வீட்டு வாசலில் பேசிக்கொண்டார்கள். மதிப்பெண் என்றார் ஒருவர். காதலாக இருக்கும் என்றார் இன்னொருவர். செல்போன் என்றார் மூன்றாமவர், தன் செல்போனைப் பார்த்தபடியே. எல்லாரும் ஒரு காரணம் கிடைத்ததும் எழுந்து வீட்டுக்குப் போனார்கள். ஒற்றைக் காரணத்தில் இருக்கிற சௌகரியம் அது. நம்ம பிள்ளை நல்லாப் படிக்குது, நம்ம பிள்ளைக்குக் காதல் கீதல் கிடையாது, ஆகவே நமக்கு வராது என்று கதவைச் சாத்திக்கொண்டு தூங்கலாம்.

எனக்கு என்ன தெரியும்? நான் மருத்துவரல்ல. மனசுக்கும் நோய் வரும், அதற்கும் மருந்து உண்டு, காய்ச்சலுக்குப் போவதுபோல அதற்கும் போக வேண்டும் என்பது தெரியும். ஒரு கயிறு பல இழைகளால் ஆவதுபோல

[இந்த வாக்கியத்தை முடிக்கப் போவதில்லை. தப்பான உவமை. எழுதுகிறவளுக்குக் கை வழுக்கும் இடங்கள் இவை.]

அக்காவிடம் கேட்டேன். அவள் விடைத்தாள் திருத்திக்கொண்டே சொன்னாள்.

“என் வகுப்புல ஒருத்தி இருந்தா. வாய் ஓயாது. ஒரு நாள் சிரிச்சுக்கிட்டே சொல்றா, ‘நான் ஒருத்தி இல்லாட்டி எங்க வீட்டுல எல்லாரும் நிம்மதியா இருப்பாங்க டீச்சர்’னு. கிளாஸே சிரிச்சுது.”

“நீ?”

“எனக்குச் சிரிப்பு வரலை. புஸ்தகம் தூக்கணும்னு சொல்லி அவளை மட்டும் நிறுத்தி வெச்சேன். நேராவே கேட்டேன், ‘ஏண்டி, செத்துப் போகணும்னு தோணுதா?’ன்னு.”

“அக்கா! அப்படியா கேப்பாங்க? தோணாதவளுக்கும் தோணிடாதா?”

“கேட்டதால யாருக்கும் தோணாதுடி. தோணிக்கிட்டு இருக்கிறவளுக்கு, அப்பாடா ஒருத்தி கேட்டுட்டாளேன்னு இருக்கும். அவ அப்படி அழுதா பாரு. அவங்கம்மாவக் கூப்பிட்டேன். மூணு பேருமா டாக்டர்கிட்டப் போனோம்.”

“இப்ப எங்க இருக்கா?”

“யாருக்குத் தெரியும்? எங்கயாவது உக்காந்து யார் காதையாவது கடிச்சுக்கிட்டு இருப்பா.” பேனாவை மூடினாள். “சாகணும்னு ஆசைப்பட்டு யாரும் போறதில்லை. வலி நிக்கணும்னு பாக்குதுங்க. அதைவிட, நாம இவங்களுக்குப் பாரம்னு ஒண்ணு மனசுல உக்காந்துடுது பாரு, அது பொல்லாதது. அது பொய்யும்கூட. ஆனா உள்ள உக்காந்து தனியாக் கேட்டா உண்மை மாதிரியே பேசும்.”

அதைக் கேட்டதும் எனக்கு மாடியில் இருந்த மெஷின் ஞாபகம் வந்தது. தான் ஒருத்தியால் அப்பா வெயிலில். தன்னால் தங்கை வேறு வீட்டில். தன்னால் அம்மா கையில் வளையல் இல்லை. அன்பென்று நினைத்து அவர்கள் ஒவ்வொன்றாக எடுத்து வைக்க, உள்ளே இருந்தவளுக்கு அதெல்லாம் எப்படிக் கூடியிருக்கும்?

5

இவ்வளவு தூரம் வந்துவிட்டோம், பெரியவள் இந்தக் கதையில் ஒரு வார்த்தை பேசவில்லை. கவனித்தீர்களா? நான் இப்போதுதான் கவனித்தேன். நானும் அந்த வீட்டு ஆளைப் போலவே அவளைத் தொந்தரவு செய்யாமல் எழுதிக்கொண்டு வந்திருக்கிறேன்.

ஆகவே அவளை மாடிக்கு வரச் சொல்கிறேன்.

மத்தியானம். கொட்டகையில் அவர் ஒரு காலரைத் திருப்பிக்கொண்டிருந்தார். வாசலில் நிழல் விழுந்தது. நிமிர்ந்தால் மகள். வெளிச்சத்துக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றாள். இவ்வளவு மெலிந்துவிட்டாளா என்று ஒரு கணம் நினைத்தார். படிக்கிற பிள்ளை அப்படித்தான் இருக்கும் என்று மறுகணம் நினைத்தார்.

“என்னம்மா? ஏதாவது வேணுமா?”

“ஒண்ணுமில்லப்பா. பட்டன் ஏதாவது தைக்கணுமா?”

“உனக்கெதுக்கு கண்ணு அந்த வேலையெல்லாம்? அதுக்கு ஆள் போட்டாச்சு.”

“சும்மாதான்ப்பா. கொஞ்ச நேரம் இங்க உக்காந்துக்கட்டுமா?”

“இங்கயா? வெயில் கொளுத்துது, மெஷின் சத்தம் வேற. தலைவலி வந்துடப் போகுது. நீ கீழ போய்ப் படிம்மா. எங்களைப் பத்திக் கவலைப்படாதே.”

அவள் மெஷினுக்கு அடியில் ஒரு முறை பார்த்தாள். அங்கே விழுந்து கிடந்த பட்டன் ஒன்றைக் குனிந்து எடுத்து, மேஜை ஓரத்தில் வைத்தாள். டப்பாவுக்கு எடுத்துக்கொண்டு போகவில்லை.

“சரிப்பா.”

இறங்கிப் போனாள். அவளுடைய நேரம் ஒரு நிமிஷம்கூட வீணாகாமல் பார்த்துக்கொண்டோம் என்ற திருப்தியோடு அவர் காலரைத் திருப்பி முடித்தார்.

இதை எழுதிவிட்டுப் பேனாவை வைத்துவிட்டேன். இந்த இடத்தில் நான் அவரைத் திருத்தியிருக்கலாம். ஒரே ஒரு சொல் போதும்: “உக்காரு.” எழுதுகிறவளுக்கு அந்த அதிகாரம் உண்டு. எழுதியும் பார்த்தேன். அவள் உட்கார்ந்தாள், பட்டன் தைத்தாள், எல்லாம் சரியாகிவிட்டது. கதை அங்கேயே இனிதாக முடிந்தது. படித்துப் பார்த்தால் அந்தத் துக்க வீட்டு அப்பாவின் முகம் எதிரில் வந்து நின்றது. அவருக்கு இப்படித் திருத்தி எழுத ஒரு பக்கம் கிடைக்கவில்லையே.

ஆகவே ‘சரிப்பா’ அப்படியே இருக்கிறது. மன்னித்துக்கொள், பெண்ணே.

6

முடிவுகள்.

அவள் இறந்துவிடுவதாக ஒன்று எழுதினேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, நான் எழுதியதிலேயே அதுதான் அழகாக வந்திருந்தது. வீட்டில் அதற்கு முன்பிருந்த அமைதி, அதற்குப் பின்பு வந்த அமைதி என்று என்னென்னவோ வாக்கியங்கள். படித்து நானே அழுதேன். அழகாக வந்ததாலேயே கிழித்தேன். எங்கோ ஒரு மூடிய அறையில் ஒரு பிள்ளை அதைப் படித்து, நாம் போனால்தான் இவர்களுக்கு நம் அருமை தெரியும் என்று நினைத்துவிட்டால்? சாவு யாருக்கும் எதையும் கற்றுத் தருவதில்லை. துக்க வீட்டில் நான் பார்த்தேன். அந்த அப்பாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. எழுந்து எழுந்து நின்றார், அவ்வளவுதான்.

அடுத்த முடிவில் அவள் முதலிடம் வாங்கினாள். வீடு முழுக்கச் சத்தம். அதையும் கிழித்தேன். அப்படியானால் வாங்காதவர்கள்?

பிறகு எழுதிய முடிவில் அந்த வீட்டுக்கு ஒரு பெரியவர் வந்து நல்ல வார்த்தை நாலு சொன்னார். அக்கா படித்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள்.

“வந்துட்டாரா அட்வைஸ் பண்றவரு? எங்கடா காணோமேன்னு பாத்தேன்.”

“நல்லதுதானேக்கா சொல்றாரு?”

“நல்லதுதான். அந்தப் புள்ள தலையாட்டும், அவர் காபி குடிச்சுட்டுப் போயிடுவாரு. அந்தப் பொண்ணு பட்டன் கேட்டுச்சுடி. பிரசங்கமா கேட்டுச்சு?”

பெரியவரைத் தெருவோடு அனுப்பிவிட்டேன். இப்போது இருப்பது இதுதான்.

7

விடுமுறை நாளில் வாயாடி பெரியம்மா வீட்டிலிருந்து வந்தாள். வாசலிலேயே அவளுக்கு உத்தரவு கிடைத்தது: நுனிக்கால், மூடிய வாய். அக்காவின் அறைக்குள் ஒரு நிமிஷம் போய்விட்டு வர அனுமதி. போனாள், வந்தாள், நேரே மாடிக்கு ஓடினாள். மாடியில் பேசலாம் அல்லவா?

“அப்பா! அப்பா! இங்க பாருங்க!”

அவர் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தார். “மெதுவாடி. கீழ கேக்கும்.”

“அக்கா எனக்கே எனக்குன்னு குடுத்துட்டாப்பா!”

அவள் கையில் பிஸ்கட் டப்பா. குலுக்கினாள். உள்ளே பட்டன்கள் கலகலத்தன.

“எதுக்குக் குடுத்தா?”

“இனிமே நீயே வெச்சுக்கோன்னா. நீலப் பட்டன்கூட இதுலதான்ப்பா இருக்கு. நான் கேக்கவே இல்லை. பொம்மைக்குக் கண் வெச்சுக்கோன்னு சொல்லிட்டு என் தலையைத் தடவிக் குடுத்தா. அக்கா திருந்திட்டாப்பா!”

நூல் ஊசியிலிருந்து நழுவியது.

அவர் அதிகம் யோசிக்கிற ஆள் இல்லை. ஏன் என்று கேட்டால் அவரால் சொல்லியிருக்க முடியாது. ஆனால் அந்த டப்பாவை அவருக்குத் தெரியும். தங்கையின் பொம்மையைக் குருடாக்கியாவது திரும்ப வாங்கியவள், கேட்காமல் கொடுக்கிறாள். இனிமே நீயே வெச்சுக்கோ. இனிமே என்றால்?

மேஜை ஓரத்தில் பார்த்தார். அன்று அவள் பொறுக்கி வைத்த பட்டன் அங்கேயே கிடந்தது.

நாற்காலி பின்னால் விழுந்தது. எடுக்கவில்லை. படிக்கட்டில் தடதடவென்று இறங்கினார். அந்த வீட்டில் யாரும் அப்படி இறங்கி வெகு நாளாகியிருந்தது. அடுப்படியிலிருந்து மனைவி ஓடிவந்து வாயில் விரலை வைத்து, “என்னங்க, உஷ்…” என்றாள். அவர் அவளைத் தாண்டிப் போனார். வாசலில் இருந்த முக்காலி கால் பட்டு உருண்டது. உள்ளங்கையை விரித்துக் கதவில் ஓங்கித் தட்டினார். மறுபடி தட்டினார்.

“என்னப்பா?” உள்ளேயிருந்து குரல். மெல்லிய குரல்தான். உயிருள்ள குரல்.

அவர் சுவரில் சாய்ந்துகொண்டார். என்ன கேட்பது? என் அக்காவைப் போல நேராகக் கேட்கிற நாக்கு அவருக்குக் கிடையாது. கொஞ்ச நாள் கழித்துக் கேட்பார், டாக்டர் வீட்டு வாசலில் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார் என்றெல்லாம்

[இல்லை. அவ்வளவு தூரம் எனக்குத் தெரியாது.]

அப்போது வாயில் வந்தது இதுதான்:

“மெஷினைக் கீழ இறக்கணும்மா. என்னால முடியல. வந்து ஒரு கை பிடிக்கிறியா?”

கையைக் கதவின் மேல் வைத்துக்கொண்டார்.

“பட்டன் தைக்கிற ஆளும் சரியில்ல. நீ தைக்கிற மாதிரி வரல. நீ இல்லாம முடியலம்மா.”

அவர் பொய் சொல்லவில்லை. அந்த மெஷினை ஒற்றை ஆளாக யாராலும் இறக்க முடியாது. மாடிப்படியில் டப்பாவைக் கட்டிக்கொண்டு வாயாடி பேசாமல் நின்றாள். குக்கர் விசில் அடித்தது. யாரும் ஓடவில்லை.

8

“அப்புறம்?” என்றாள் அக்கா.

“அவ்வளவுதான்.”

“கதவைத் தொறந்தாளா இல்லையா?”

“தெரியலைக்கா.”

“எழுதினவ நீதானடி! உனக்குத் தெரியாம யாருக்குத் தெரியும்?”

“அந்தத் துக்க வீட்டுல கதவைத் தட்டவே இல்லையேக்கா. தட்டியிருந்தா என்ன ஆகியிருக்கும்னு அந்த அப்பாவுக்கே சாகிற வரைக்கும் தெரியப் போறதில்லை. எனக்கு எப்படித் தெரியும்?”

அக்கா காகிதத்தை மடித்து வைத்தாள். பிறகு வழக்கத்துக்கு மாறாகத் திட்டாமல் எழுந்து போய், பக்கத்து அறையில் படித்துக்கொண்டிருந்த தன் மகனிடம் ஏதோ கேட்டாள். “ஏம்மா, படிக்கிறேன்ல?” என்று அவன் எரிந்து விழுவது கேட்டது. “படி, படி. நகரு, நானும் உக்காந்துக்கறேன்” என்றாள் அவள்.

கதவு திறக்க வேண்டும் என்று நான் பிரார்த்திக்கிறேன். அது என் நம்பிக்கை. ஆனால் பிரார்த்தனையை முடிவு என்று எழுதி உங்களிடம் கொடுக்கக் கூடாது. இந்த இடத்தை விட்டு வைத்திருக்கிறேன், மடிப்புக்குள் துணி விடுவதுபோல. (அடித்த உவமை திரும்பி வந்துவிட்டது. இருக்கட்டும்.)

[                                        ]

நீங்கள் கதவுக்கு வெளியே இருப்பவர் என்றால், முடிவைப் பிறகு எழுதலாம். முதலில் போய்த் தட்டுங்கள். சொல்ல ஒன்றும் இல்லாவிட்டால் பரவாயில்லை, ஏதாவது ஒரு வேலைக்குக் கூப்பிடுங்கள். எரிந்து விழுந்தால் விழட்டும்.

உள்ளே இருப்பவர் என்றால், உங்களிடம் கொஞ்சம் மெதுவாகச் சொல்கிறேன். பட்டன் தைக்கணுமா என்று கேட்டு மாடிக்கு வந்தாளே, அது உள்ளேயிருந்து தட்டிய சத்தம்தான். ஒருவருக்குக் கேட்கவில்லை. அதற்காக நிறுத்திவிடாதீர்கள். இன்னும் கொஞ்சம் பலமாகத் தட்டுங்கள். அப்பாவுக்குக் கேட்காவிட்டால் ஆசிரியைக்கு, ஆசிரியைக்குக் கேட்காவிட்டால் மருத்துவருக்கு, பக்கத்து வீட்டுக்கு. கேட்கிற காது எங்கோ இருக்கிறது.

இங்கே, இந்தப் பக்கத்தில், அவர் கை இன்னும் கதவின் மேல்தான் இருக்கிறது. கையை எடுத்துவிட்டு அவர் மாடிக்குப் போய்விடுவதாக மட்டும் யாரும் எழுதிவிட வேண்டாம்.